ஐஸ் தொட்டியில் இரண்டு கைகள்

அத்தியாயம் 14

இன்று ஒரு நாள் மட்டும் அவன் யாரையும் அடிக்கக் கூடாது. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் இலோய்லோ நகரத்து மீன் சந்தையில், அதுவும் சனிக்கிழமையில், ஒரு மனிதன் காலையிலிருந்து கையை ஓங்காமல் இருந்துவிட்டால் அவனுக்கு உத்தியோகம் என்ன, நட்டநடுச் சந்தையில் சிலையே வைக்கலாம்.

அவன் என்றால் ரெனான்டே. மீன்காரி போனிங்கின் இளைய மகன். சென்ற வாரம் தீயணைப்பு நிலையத்தில், நீள மேஜைக்கு எதிரே, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தானே, அங்கேதான் அவனை விட்டுவிட்டு வந்தோம். ஓட்டம், ஏணி, எழுத்துத் தேர்வு, மூத்திரச் சோதனை, எல்லாவற்றிலும் தேறியிருந்தான். பழைய வழக்கைப் பற்றி மேஜைக்கு அப்பாலிருந்த அதிகாரி அம்மாள் வாயைத் திறப்பதற்கு முன்பே தானாகச் சொல்லிவிட்டான். இருபத்திரண்டு வயதில், பில்லியர்ட்ஸ் கூடத்துப் பின்னறையில் போலீஸ் பிடித்தபோது, சட்டைப் பையில் கரி படிந்த அலுமினியத் தாளும் ஒரு லைட்டரும் இருந்தன. போதைத் தூள் இல்லை. ஏனென்றால் அதை அப்போதுதான் புகைத்து முடித்திருந்தான். சில மாதம் லாக்கப், பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, மாதாமாதம் கையெழுத்து. அதோடு விட்டவன், பிறகு தொடவில்லை.

அந்த அம்மாள், பழைய கதையை நாங்கள் எடைபோட்டுக்கொள்கிறோம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்றார். ஆனால் இந்த வாரத்துக்குள் ஒருவர் உன் இடத்துக்கு விசாரிக்க வருவார், யார் என்று சொல்ல மாட்டோம், நீ இப்போதும் புகைக்கிறாய் என்றோ கை நீட்டுகிறவன் என்றோ அவருக்குத் தெரிந்தால் அத்தோடு சரி என்றார்.

வாரம் இன்றோடு முடிகிறது. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது ரெனான்டேவுக்கு வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி.

வீட்டில் அவன் சொன்னது பாதிதான். ஒருவர் விசாரிக்க வருவார் என்றான். வழக்கைத் தானே போட்டு உடைத்துவிட்டதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? அவன் லாக்கப்பில் இருந்த மாதங்களில், மகன் கப்பல் சமையலறையில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று அம்மா சந்தை முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். கப்பல் நிற்கும் துறைமுகத்தின் பெயரையும் சொன்னாள். அங்கே வெயில் அதிகம் என்று கவலையும் பட்டாள். பொய்யை எடைபோட்டுக் கொடுப்பதில் போனிங்கை மிஞ்ச ஆளில்லை. சந்தையும் நம்பியதுபோலவே தலையாட்டி வாங்கிக்கொண்டது.

ஆகவே விசாரிக்க ஒருவர் வருகிறார் என்றதும், அவள் சந்தையை இரண்டாகப் பிரித்தாள். நிரப்ப வேண்டிய வாய்கள், மூட வேண்டிய வாய்கள். நிரப்புவது அவள் பொறுப்பு. மூடுவது மூத்தவன் கிரினோவின் பொறுப்பு.

கிரினோ ஐஸ்காரன். ஆள் நீளப் பாளங்களை லாரியிலிருந்து இரும்புக் கொக்கி போட்டு இழுத்து இறக்குவான். தூங்கும்போது தவிர கொக்கி இடுப்பை விட்டு இறங்காது. ஒரு காலத்தில் தூங்கும்போதும் இறங்கியதில்லை. ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எட்டிப் பார்த்தவனைச் சுட்டுவிட்டுப் போன வருடங்கள் அவை. பழைய போதை வழக்கு உள்ளவன் எவனும் வாசலுக்கு வரவில்லை. கிரினோ தம்பியை உள்ளறையில் படுக்கவைத்துவிட்டு, கொக்கியை மடியில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கினான். அந்த வருடங்கள் போய்விட்டன. கிரினோதான் இன்னும் நிலைப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

விடிந்ததும் போனிங் கடைக்குக் கடை ஆள் அனுப்பினாள். வாழை இலையில் மடித்த இறால் பொட்டலம், ஒவ்வொரு கடைக்கும் ஒன்று. யாராவது வந்து என் இளையவனைப் பற்றிக் கேட்டால் நல்லதாக நாலு வார்த்தை, அவ்வளவுதான். காய்கறிக்காரி வாங்கிக்கொண்டாள். கருவாட்டுக்காரன் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பெரிய இறாலாக இருந்தால் ஐந்தாவது வார்த்தையும் சொல்வதாகச் சொல்லியனுப்பினான்.

எதிர்வரிசையில் தேங்காயும் கரியும் காடியும் விற்கும் பாடோங் மட்டும் பொட்டலத்தைத் தொடவில்லை.

பாடோங்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவன் யாரிடமும் எதையும் சும்மா வாங்காதவன். கொசுறாக விழும் மிளகாய்க்குக்கூடக் காசு வைத்துவிட்டுப் போவான். தேங்காய் மட்டைகளுக்கு அடியில் அவன் வேறொன்றும் விற்கிறான் என்பது சந்தைக்குத் தெரியும், ஆனால் சந்தையின் வாயில் அது வந்ததில்லை. ரெனான்டே அன்று புகைத்தது அவன் சரக்குதான். போலீஸ்காரர்கள் யாரிடம் வாங்கினாய் என்று கேட்டுக் கேட்டு அவன் விலாவை உதைத்தும், ரெனான்டே பெயரைச் சொல்லவில்லை. பாடோங்குக்கு ரெனான்டேவைக் கண்டாலே ஆகாமல் போனது அன்றிலிருந்துதான். வாழ்க்கையில் அவன் திருப்பிக் கொடுக்காத பாக்கி அது ஒன்றுதான். தீர்த்துவிடலாம் என்று பலமுறை இலவசமாகச் சரக்கை நீட்டியும் பார்த்தான். இவன் வாங்கவில்லை. பாக்கி நின்றுவிட்டது, வெறுப்பும் நின்றுவிட்டது.

கடை சூடு பிடித்த நேரத்தில், தேய்ந்த ரப்பர் செருப்பும் ஒயர் கூடையுமாக ஒருவர் போனிங் முன்னால் வந்து நின்றார். பால்மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். விலை கேட்டார். பாதி விலைக்குக் கேட்டார்.

போனிங் அன்றைக்கு ஒரு கண்ணைச் சந்தை வாசலில் வைத்திருந்தாள். அரசாங்க ஆள் என்றால் ஷூ போட்டுத்தானே வருவான். இந்தச் செருப்பு மனிதரோடு மல்லுக்கட்ட அவளுக்குப் பொழுது இல்லை. பாதி விலைக்கு வேண்டுமானால் பாதி மீனை வெட்டித் தருகிறேன், அதுவும் வால் பாதியை, அப்பா, இந்த வயதில் இவ்வளவு கஞ்சத்தனம் உடம்புக்கு ஆகாது என்று தேன் ஒழுகச் சொன்னாள். எங்கள் ஊரில் திட்டுவதும் தாலாட்டு ராகத்தில்தான் வரும். வெளியூர்க்காரர்கள் நாங்கள் கொஞ்சிக்கொள்வதாக நினைத்துப் புன்னகை செய்வார்கள்.

அந்த மனிதரும் புன்னகை செய்தார். ஆனால் அவர் உள்ளூர்.

வாசகர்களிடம் ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. அவர் பெயர் எஸ்கனில்லா. தீயணைப்புத் துறையிலிருந்து விசாரிக்க வந்தவர் அவர்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை. மீன் சந்தைக்கு ஷூ போட்டுக்கொண்டு போகிறவன் முட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த முட்டாள் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தான். பளபளக்கும் கறுப்பு ஷூ, கையில் தோல் பை, இஸ்திரி போட்ட சட்டை. தண்ணீர்க் குழிகளைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தான். போனிங்கின் கைகளில் ஒட்டியிருந்த செதிள்கூடச் சிலிர்த்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பக்கத்துக் கடையிலிருந்து எலும்புச் சாற்றில் நூடுல்ஸ் மிதக்கும் பாட்சோய் ஒரு கிண்ணம், முட்டை உடைத்து ஊற்றி, வரவழைத்தாள். அவன் சாப்பிடச் சாப்பிட, மகன் கோயிலுக்குப் போவதையும் கப்பலில் கஷ்டப்பட்டதையும் சொல்லிக்கொண்டே போனாள். அவன் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல், ரொம்ப நல்ல குடும்பம், ரொம்ப நல்ல குடும்பம் என்றான். இடையிடையே அவளை ஏற இறங்கப் பார்த்து, உடம்பு எப்படி, ரத்த அழுத்தம் உண்டா என்றும் விசாரித்தான். எவ்வளவு அக்கறையான அதிகாரி என்று அவள் நெகிழ்ந்துபோனாள்.

முதல் அடி அப்போதுதான் விழுந்தது.

இஸ்கோ என்ற கூடை சுமப்பவன், தலையில் சுமையோடு கடந்து போகும்போது, தீயை அணைக்கப் போகிறவரே, தாளுக்கு அடியில் லைட்டர் பிடிக்கிற கை மறந்துபோச்சா என்று ரெனான்டேவைப் பார்த்துப் பாடினான். நிஜமாகவே பாடினான். இரண்டு கடைகள் சிரித்தன.

ரெனான்டேவின் கை தானாக மூடியது. அவன் அதைப் பார்த்தான். பிறகு மீன் போட்டுவைக்கும் ஐஸ் தொட்டிக்குள் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டுக்கொண்டான்.

கிரினோ லாரிப் பக்கமிருந்து வந்தான். அவசரமே இல்லை. இஸ்கோவின் தலைச் சுமையை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தான். அவன் கையைப் பிடித்து, ஐஸ் நொறுக்கும் பெட்டியின் விளிம்பில் வைத்து, இரும்பு மூடியை இறக்கினான். ஒரு முறைதான். இஸ்கோவின் சத்தத்தில் பாட்டு இல்லை. இரண்டு விரல்கள் வேறு திசையில் பார்த்தன. கிரினோ மூடியைத் தூக்கி, அடிபட்ட கையில் ஒரு பிடி ஐஸை வைத்து மூடி, வீக்கம் இறங்கும் டோட்டோ, வீட்டுக்குப் போ என்று சொந்தத் தம்பியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தான்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஷூ போட்டவன் முதுகைக் காட்டியபடி பாட்சோய் குடித்துக்கொண்டிருந்ததில் போனிங்குக்கு நிம்மதி. செருப்பு மனிதர் இரண்டு கடை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

எஸ்கனில்லா மெதுவாக ரெனான்டேவிடம் வந்தார். தொட்டியைப் பார்த்தார்.

"கை மரத்துப் போயிடாதா, டோட்டோ?"

"மரக்கணும்னுதான் வச்சிருக்கேன், ஐயா."

"யார் மேல கோவம்?"

"இன்னைக்கு யார் மேலயும் இல்ல. நாளைக்கு வந்து கேளுங்க."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். போகிற வழியில் கடைக்குக் கடை நின்று, அந்த ஐஸ் தொட்டிப் பையன் எப்படி என்று கேட்டுக்கொண்டே போனார். பெண் வீட்டுக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எல்லோரும் இறாலுக்கு மேலேயே புகழ்ந்தார்கள்.

உச்சி வெயில் தகரத்தில் இறங்கிய நேரத்தில் பாடோங் எழுந்து வந்தான். கையில் வாழை இலைப் பொட்டலம். போனிங்கின் பலகையில் அதைப் பிரித்து, இறாலைக் கொட்டினான்.

"மனாங், இது கிலோ என்ன விலைன்னு எனக்குத் தெரியும். என் வாய் அதைவிடக் கொஞ்சம் கூட."

அக்கா முறை வைத்து, மெல்லிய குரலில்தான் சொன்னான். போனிங்கும் மெல்லிய குரலில், இரண்டாவது கிண்ணம் சாப்பிடுகிற அதிகாரியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, உனக்கு வேண்டிய விலையைச் சாயங்காலம் பேசிக்கொள்வோம், இப்போது போ என்றாள். பாடோங் விலை பேச வரவில்லை. அவன் ரெனான்டேவின் பக்கம் திரும்பினான். என்னப்பா, அதிகாரி வேலையா, இனி என் கடைக்குச் சீருடையில் வருவாயா என்றான். ரெனான்டே தொட்டிக்குள் கைகளை இன்னும் ஆழமாக விட்டான்.

பாடோங் அவனை அறைந்தான்.

தேங்காய் உரித்து உரித்துக் காய்த்துப்போன கை அது. ரெனான்டேவின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்து, ஐஸில் சிவப்பாகச் சொட்டியது. பாடோங் காத்திருந்தான். அந்தக் கைகள் வெளியே வர வேண்டும், தன்னைத் திருப்பி அடிக்க வேண்டும், அதோடு கணக்குத் தீர வேண்டும் என்று அவன் எதிர்பார்த்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. கைகள் வரவில்லை. இன்னொரு முறை அறைந்தான். ரெனான்டேவின் தலை மட்டும் திரும்பி, மறுபடி நேரானது.

"அடிடா," என்றான் பாடோங். ஏறக்குறையக் கெஞ்சினான்.

போனிங் தாங்கவில்லை. செவுளும் குடலும் கிடந்த வாளியைத் தூக்கி அப்படியே அவன் முகத்தில் கவிழ்த்தாள். அவன் கண் தெரியாமல் கையை வீசினான். அது அவள் மார்பில் பட்டு, அவள் பலகையோடும் மீனோடும் மல்லாந்து விழுந்தாள். முட்டி கல்லில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. சந்தைக்கே கேட்டது. ஐஸ் லாரி மேல் நின்றிருந்தவனுக்கும் கேட்டது.

கிரினோ லாரியிலிருந்து குதித்து வந்தபோது கொக்கி கையில் இருந்தது. அம்மாவைப் பார்த்தான். தம்பியின் உதட்டைப் பார்த்தான். பிறகு பாடோங்கிடம், அண்ணன் முறை வைத்து, எங்கள் ஊரில் குழந்தையைத் தூங்கவைக்கும் குரலில் சொன்னான்:

"மனோங், கொஞ்சம் படுத்துக்கோங்க."

பாடோங் தன் கடைக்குப் பின்வாங்கி, தேங்காய் வெட்டும் அரிவாளை எடுத்தான். அதற்குள் கொக்கி அவன் தோளில் இறங்கிவிட்டது. பாளத்தை இழுப்பதுபோல் கிரினோ இழுத்தான். பாடோங் தேங்காய்க் குவியல் மேல் குப்புற வந்து விழுந்தான், காய்கள் உருண்டு சந்தையெங்கும் ஓடின. விழுந்தபடியே அரிவாளை மேல்நோக்கி வீசினான். கிரினோவின் இடது காதில் பாதி இல்லாமல் போனது. அவனுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை. அரிவாள் பிடித்த மணிக்கட்டை மிதித்தான். எலும்பு நொறுங்கியது. கொக்கியைச் சதையிலிருந்து திருகி எடுத்தான். பாடோங் கத்தியதில் மேல் விட்டத்துப் புறாக்கள் கிளம்பின. கிரினோ அவனை மல்லாத்தி, நெஞ்சில் முட்டி போட்டு உட்கார்ந்து, தாடையைப் பிடித்து ஒருபக்கம் திருப்பி, கழுத்தை நன்றாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். கொக்கி மேலே போனது.

சந்தையில் நூறு பேர் இருந்திருப்பார்கள். ஒருவரும் நகரவில்லை. இந்த வாய் மூடினால் பல பேருக்கு நல்லது, அதுவும் ஒரு காரணம்.

ரெனான்டேவின் கைகள் தொட்டியிலிருந்து வெளியே வந்தன.

அவன் ஓடிவந்து, ஓடிவந்த வேகத்திலேயே அண்ணனின் தாடையில் குத்தினான். கை மரத்துப்போயிருந்ததால் எவ்வளவு பலமாகக் குத்துகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கிரினோ பக்கவாட்டில் சரிந்து, கல் மேடையில் தலை மோதி, கரி மூட்டைகளுக்கு நடுவே விழுந்தான். இரண்டு பற்கள் அவனுக்கு முன்னால் போய் விழுந்தன. எழுந்திருக்க முயன்றான். ரெனான்டே மறுபடி குத்தினான். கொக்கி கையிலிருந்து நழுவியது. கிரினோ அங்கேயே கிடந்து, நிலைப்படியில் காவல் இருந்த கண்களால் தம்பியைப் பார்த்தான்.

"உனக்காகத்தானேடா," என்றான். அடிபட்ட வாயிலிருந்து அது குழறலாக வந்தது.

ரெனான்டே இடுப்பில் கட்டியிருந்த ரப்பர் ஏப்ரனை அவிழ்த்து, அதன் நாடாவைப் பிய்த்தான். பாடோங்கின் தோளிலிருந்து ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு பொங்கிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டை மடித்துக் காயக் குழிக்குள் அழுத்தினான். நாடாவை அக்குளுக்கு அடியில் விட்டு மேலே இழுத்துச் சுற்றினான். தேர்வுக்காகத் தலையணையைக் கட்டிக் கட்டிப் பழகிய கட்டு. விரல்கள் மரத்திருந்தன, முடிச்சு நழுவியது, பல்லால் இழுத்தான்.

போனிங் முட்டியைப் பிடித்துக்கொண்டே ஷூக்காரனிடம் நொண்டி வந்தாள். இது எல்லா நாளும் நடப்பதில்லை ஐயா, இன்றைக்கு வெயில் அதிகம், பிள்ளைகள் விளையாட்டு கொஞ்சம் முற்றிவிட்டது என்று ஆரம்பித்தாள். அவன் சுவரோடு ஒட்டி நின்று, தோல் பையை நெஞ்சில் கேடயமாகப் பிடித்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. இருந்தாலும் தொழில் தொழில்தான்.

"மனாங், நான் சவ அடக்கத் திட்டம் விக்கிறவன்," என்றான். "பெட்டி, மாலை, வண்டி எல்லாம் அடக்கம். தவணைல கட்டலாம். உங்க குடும்பத்துக்கு மொத்தமா எடுத்தா மலிவா முடியும்."

போனிங் அவன் ஷூவைப் பார்த்தாள். பாட்சோய், முட்டை, ஸ்டூல் எல்லாம் அவள் கண்முன் வந்து போயிருக்க வேண்டும்.

ஒயர் கூடையோடு செருப்பு மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நிலையத்துக்குப் போன் செய்துவிட்டதாகவும் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாகவும் சொன்னார். சட்டைக்குள்ளிருந்து கழுத்து அட்டையை எடுத்து வெளியே போட்டுக்கொண்டார். அதிலிருந்த சின்னத்தைப் போனிங் பார்த்தாள். பால்மீனின் வால் பாதி ஞாபகம் வந்தது.

எஸ்கனில்லா அவளிடம் கோபப்படவில்லை. காலையிலிருந்து சந்தை முழுக்கக் கேட்டுவிட்டேன், எல்லோரும் உங்கள் மகனைத் தங்கம் என்கிறார்கள் என்றார். அதில் ஒரே ஒரு சிக்கல், சொன்ன எல்லோர் கடையிலும் வாழை இலைப் பொட்டலம் இருக்கிறது என்றார். பிறகு ரெனான்டேவிடம்,

"அண்ணனை அடிச்சதை நான் எழுதித்தான் ஆகணும், டோட்டோ. ரெண்டு தடவை."

"எழுதுங்க, ஐயா," என்றான் ரெனான்டே. கட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. பழைய வழக்குபற்றி இந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கக் கூடாதே என்று போனிங் மறுபடி கப்பல் கதையை எடுத்தாள். அவன் திரும்பாமலே சொன்னான்: "அம்மா, கப்பலை விடு. எல்லாத்தையும் நானே போன வாரமே சொல்லிட்டேன்."

அவள் கல் மேடையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை இறாலும், இஸ்கோவின் இரண்டு விரலும், மூத்தவனின் காதும் எதற்காக என்று அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. விடை வரவில்லை.

எஸ்கனில்லா பாடோங்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அந்தக் குப்பையில், அந்த ரத்தத்தில், செருப்புக் காலோடு சாவகாசமாக.

"மனோங், சந்தையிலேயே உங்க கடையில மட்டும்தான் பொட்டலம் இல்ல."

"திருப்பிக் குடுத்துட்டேன்."

"பாத்தேன். அதனால உங்களைத்தான் கேக்கணும். இந்தப் பையன் இன்னும் புகைக்கிறானா?"

பாடோங் மூச்சு விட்டான். வலியில் வந்த மூச்சா, யோசித்து விட்ட மூச்சா தெரியவில்லை.

"இல்ல."

"அடிச்சுச் சொல்றீங்க. எப்படித் தெரியும்?"

 அதற்கு விடை அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ரெனான்டே சுத்தமாக இருக்கிறான் என்று சாட்சி சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான். அந்த ஒருத்தன் அதைச் சொன்னால், தேங்காய் மட்டைகளைப் புரட்டிப் பார்க்க ஆள் வரும். ஹெல்மெட் போட்டவர்களும் திரும்பி வரலாம், யார் கண்டது. போனிங் சட்டென்று எழுந்தாள். அவருக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது, உளறுவார், அவரைக் கேட்காதீர்கள் ஐயா என்றாள். பாடோங்கை அவள் "அவர்" என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பாடோங் அவளைப் பார்க்கவில்லை. தன் தோளை அழுத்திக்கொண்டிருந்த, நீலம் பாரித்த இரண்டு கைகளைப் பார்த்தான்.

"ஏழு வருஷமா இவன் எங்கிட்ட ஒண்ணும் வாங்கல. சும்மா குடுத்தேன், அதையும் வாங்கல."

"என்னத்தை வாங்கல?" என்றார் எஸ்கனில்லா.

ஆற்றுப் பாலத்தின் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் எழுந்தது. ரெனான்டே குனிந்து, பாடோங்கின் காதோரம், "வேணாம், மனோங். இதோட நிறுத்திக்கோங்க," என்றான்.

"அன்னைக்கு எம் பேரைச் சொல்லாம உதை வாங்கினியே, நான் கேட்டேனா உன்னை?" என்றான் பாடோங். "முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கு, டோட்டோ."

பிறகு நொறுங்கிய கையை நெஞ்சின் மேல் எடுத்து வைத்துக்கொண்டு, விசாரிக்க வந்தவரின் பக்கம் திரும்பினான்.

"அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க, சார். சொல்லி முடிக்க நேரமாகும்."